வடிகால் ஓரம் மூன்று டிரம்

டெல்பின் எதுவும் பேசவில்லை.
செத்த வாத்தைக் கொண்டுவந்து
என் வரப்பில் வைத்துவிட்டுப் போனாள்.
கழுத்து மடங்கி, அலகெல்லாம் பச்சைப் பாசி.
பக்கத்தில் பாதி காலியான யூரியாச் சாக்கு
வெள்ளையாக உட்கார்ந்திருந்தது,
ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி.

வடபெரும்பாக்கம். உபரிக் கால்வாய் ஓரம்
முக்கால் ஏக்கர் குத்தகை.
அரைக்கீரை, சிறுகீரை, ஓரத்தில் கொஞ்சம் புளிச்சை.
இரவு இரண்டுக்கு அறுத்தால் ஐந்துக்கு மூலக்கடை.
நிலம் குடித்தது போக மிச்சம்
சரிவில் இறங்கி அவள் குட்டையில் விழும்.
இத்தனை வருஷமும் அதைத்
தண்ணீர் என்றே நினைத்திருந்தேன்.

கிழக்கே மணலி.
ராவெல்லாம் எரியும் அந்தக் குழாய் நெருப்பைக் காட்டி
"அவன் விடறத விடவா என் கீரத்தண்ணி?"
என்று கேட்டும் பார்த்தேன்.
வாத்திடம்தான். வேறு யாரும் இல்லை.

பழைய இரும்புக் கடையில் நீல டிரம் மூன்று.
"இன்னா இருந்துச்சு இதுல?"
"சோப்பு ஆயிலுண்ணா" என்றான், முகம் பார்க்காமல்.
ஒன்பது முறை கழுவினேன்.
கழுவின தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று
வாளியோடு நின்றேன் வெகுநேரம்.

செங்கல் சல்லிக்குப் பஞ்சமில்லை இந்த ஊரில்,
தினம் ஒரு வீட்டை இடிக்கிறார்கள்.
இளநீர் வண்டி கஜபதி
மட்டையை அள்ளிப்போனால் போதும் என்றார்.
அடித்து நாராக்கி ஊறவைத்தேன்,
டீ நிறத்தில் கறை இறங்கி முடிய எட்டு நாள்.
செங்குன்றம் மில்லில் உமி வாங்கிப்
புகையவிட்டுக் கரியாக்கினேன்;
சாம்பலாவதற்குள் தண்ணீர் தெளிக்கணும்,
முதல் மூட்டை சாம்பலாகத்தான் போனது.
சிப்பி ஓடு கேட்டபோது தேசம்மா
மீன் கூடையை இறக்கிவைத்துச் சொன்னாள்:
"எண்ணூர்ச் சிப்பி வோணாம்.
அது ஏற்கெனவே நெறைய முழுங்கியிருக்கு.
பழவேற்காட்டுலேர்ந்து எடுத்தாறேன்."

முதல் நாள் வந்தது கறுப்புத் தண்ணீர்.
டெல்பின் மகன் ரூபஸ் சிரித்த சிரிப்பு
கால்வாய்க்கு அப்பால் கேட்டிருக்கும்.
ஐந்தாம் நாள் பழுப்பு.
பன்னிரண்டாம் நாள் கையை விட்டுப் பார்த்தால்
நகக்கண் அழுக்குத் தெரிந்தது.
தெளிந்ததெல்லாம் சுத்தம் இல்லை, எனக்கும் தெரியும்.
ரூபஸ்தான் பாலிடெக்னிக்கிலிருந்து
காகிதப் பட்டை கொண்டுவந்து நனைத்தான்.
டிரம்முக்கு முன்னே பீட்ரூட்;
டிரம்முக்குப் பின்னே
கழுவக் கழுவப் போகாத ரோஸ் ரவிக்கை.
"போகல. கொறஞ்சிருக்கு" என்றான்,
டாக்டர் மாதிரி.

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
கடன் சொல்லி வாங்கின மூட்டை,
அதில் எத்தனை பிடி
பாசிக்குப் படியளந்திருக்கிறேன்?
அடுத்த விதைப்பில் தூவும்போது
கை தானாகச் சுருங்கிற்று.

இரண்டு மாதத்தில் நார் அடைத்துக்கொண்டது.
வழவழப்பு, நாற்றம், உள்ளே புழு.
பிடுங்கிப் புளிச்சைக்கு அடியில் போட்டேன்.
அந்த ஒரு வரிசை மட்டும்
கறுகறுவென்று எழுந்து நின்றது,
நான் இழந்ததைத் திருப்பித் தருகிற மாதிரி.

ஐப்பசியில் புழல் திறந்தார்கள்.
யார் தண்ணீர், யார் எண்ணெய், யார் சாக்கடை,
எல்லாம் ஒரே மட்டம்.
மூன்று டிரம்மும் மிதந்து
சடையங்குப்பம் பார்த்துக் கிளம்பின.
மார்பளவு நீரில் நின்று
டெல்பின் இரண்டைப் பிடித்துக்
கொய்யா மரத்தில் கட்டிவைத்திருந்தாள்.
மூன்றாவது இந்நேரம் கடல் பார்த்திருக்கும்.

வடிந்தபின் போனேன்.
புது வாத்துகள் ஏழு, சேற்றில் கோலம் போட்டுக்கொண்டு.
"நாரு நான் தரேன்" என்றாள்.
செத்த வாத்துக்குப் பின் அவள் பேசிய முதல் பேச்சு.
"டிரம்மு நீ வாங்கு.
உள்ள இன்னா இருந்துச்சுன்னு கேட்டு வாங்கு."

கேட்டேன்.
அதே கடை, அதே நீலம்.
"சோப்பு ஆயிலுண்ணா."

பதினோரு முறை கழுவினேன்.